ஓ.பி. சீட்டில் இல்லாத சோறு

வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுப்பதற்கு முன்னால் நோயாளிக்கு ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் போட்டால் துவண்டு போகும் பிளாஸ்டிக் வலைத் தகடு அது. அதை எடுத்து முகத்தில் போர்த்தி, மூக்கு, தாடை, கழுத்து என்று விரலால் அழுத்திக்கொண்டே வந்தால், சில நிமிடங்களில் அந்த முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். அதன்பிறகு தினமும் அதை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டித்தான் 'கரண்ட்' வைப்பார்கள். கதிர்வீச்சுக்கு நம் ஊர் மருத்துவமனை வராந்தாக்களில் அதுதான் பெயர். தலை இம்மியும் அசையக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முதல் வாரத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கிப் பிடிக்கும் முகமூடி, நான்காவது வாரத்தில் பலருக்குத் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. கன்னம் ஒட்டியிருக்கும். கழுத்துச் சதை கரைந்திருக்கும். முகமூடிக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழையும்.

அப்படி ஆகிவிட்டால் மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் முகமூடி, மறுபடியும் கதிர்வீச்சுக் கணக்கு. அது முடியும்வரை சிகிச்சை நிற்கக்கூடும். தலை, கழுத்துப் புற்றுநோயில் 6, 7 வாரங்களுக்குள் முடிய வேண்டிய 30, 35 அமர்வுகள் இழுத்துக்கொண்டே போனால், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கட்டி அடங்கும் வாய்ப்பில் சுமார் ஒரு சதவீதத்தைத் தின்றுவிடுகிறது என்பது கதிர்வீச்சு மருத்துவர்கள் பல்லாண்டுகளாக அறிந்த செய்தி. அந்த நோயாளி வீட்டில் நான்கு வாரமாக என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று அதுவரை யாராவது கேட்டிருப்பார்களா? ஓ.பி. சீட்டில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை இருக்கும், மருந்தின் அளவு இருக்கும், அடுத்து வர வேண்டிய தேதி இருக்கும். சோறு இருக்காது.

புற்றுநோய் என்றால் உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். இந்த ஏற்பில்தான் கோளாறு தொடங்குகிறது. இளைப்பது நோயின் அடையாளம் மட்டுமாக இருந்தால் பொறுத்துப் போகலாம். ஆனால் அது சிகிச்சையின் பலனையே அரிக்கிறது. அமெரிக்காவில் 3,047 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1980இல் வெளிவந்தது. கீமோதெரபி தொடங்கும் முன்பே எடை குறைந்திருந்தவர்கள், குறையாதவர்களைவிடக் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள் என்று அது காட்டியது. வயிறு, கணையம் ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சைக்கு வரும்போதே எடை இழந்திருந்தார்கள். இந்தியாவில் வயிற்றுப் புற்றுநோய் அதிகம் காணப்படும் பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. அந்த ஆய்வு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் என்பது 2011இல் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த எல்லைக்கோடு. 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோ. வேட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வைக்கிற 3 கிலோ. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்பு பருமனாக இருப்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். "பரவாயில்லை, கொஞ்சம் குறையட்டும்" என்று பாராட்டு வேறு கிடைக்கும். அவர்களிடம் கரைவது கொழுப்பு மட்டும் அல்ல. கையைப் பிடித்தால் தெரியும், தசையும் சேர்ந்தே போயிருக்கும்.

இதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, சாப்பாடு உள்ளே போவதில்லை. கீமோ போட்ட மறுநாளே உமட்டுகிறது, வாயில் இரும்பைச் சப்பிய ருசி, தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டல், வாயெல்லாம் புண், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல். இரண்டாவது, கட்டிக்கு எதிராக உடம்பில் எழும் அழற்சி, தசையை உருக்கி எரிக்கிறது; பசி என்ற உணர்வையே மூளையில் அணைத்துவிடுகிறது. பட்டினி கிடப்பவனுக்குப் பசிக்கும். இவர்களுக்குப் பசிப்பதே இல்லை. இந்த வேறுபாடு புரியாமல்தான் பல வீடுகளில் சண்டை நடக்கிறது. "ஏங்க, ஒரு வாய் ரசம் சாதமாவது சாப்பிடுங்களேன்" என்று கெஞ்சும் மனைவிக்கு அவர் வீம்பு பிடிப்பதாகத் தோன்றுகிறது. அவருக்கோ இந்த அம்மாள் தன்னைப் பாடாய்ப் படுத்துவதாகத் தோன்றுகிறது. இருவர் மீதும் தப்பில்லை. "இது நோய் செய்கிற வேலை, இப்படித்தான் இருக்கும், இதற்கு வழி உண்டு" என்று யாரோ ஒருவர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, விழுங்க முடியாதவர் வீட்டில் என்ன நடக்கிறது? கஞ்சி வைக்கிறார்கள். அன்பும் அக்கறையுமாகத்தான் வைக்கிறார்கள். வடிகட்டி, ஆற்றி, உப்புப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் கொடுக்கிறார்கள். ஒரு தம்ளர் கஞ்சியில் சுமார் 20 கிராம் அரிசி இருக்கும்; மீதி தண்ணீர். அதில் கிடைப்பது ஏறக்குறைய 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். ஆறு தம்ளர் குடித்தாலும் 420 கலோரி, 9 கிராம் புரதம். புற்றுநோயாளிக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கின்றன ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் நெறிமுறைகள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி, குறைந்தது 50 கிராம் புரதம். ஆறு வேளையும் வயிறு நிறையக் குடித்த மனிதர் மூன்றில் இரண்டு பங்குப் பட்டினி கிடக்கிறார். புரதத்தை எடுத்துக்கொண்டால் ஐந்தில் நான்கு பங்கு.

அதே கஞ்சியை அதே அடுப்பில் வேறு மாதிரி வைக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊற்றினால் 4 கிராம் புரதம் ஏறும். 100 மில்லி தண்ணீருக்குப் பதிலாக அதே அளவு பாலை விட்டால் இன்னொரு 3 கிராம். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் 45 கலோரி. இப்போது அந்தத் தம்ளரில் 250 கலோரி, எட்டரை கிராம் புரதம். ஆறு தம்ளருக்கு 1,500 கலோரி, 51 கிராம். குடிக்கும் அளவு கூடவில்லை, வாய்ப்புண்ணுக்கு உறைக்கவும் இல்லை, கடையில் புதிதாக எதையும் தேட வேண்டியதும் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போனால் மோராக மாற்றலாம். முட்டை சாப்பிடுகிறவர் என்றால் நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்குக் கணக்கு மாறும். அதனால்தான் இதை யூகத்துக்கு விடாமல், சொல்லிக்கொடுக்க ஒரு டயட்டீஷியன் வேண்டும் என்கிறோம்.

அந்த ஆள் இல்லாத இடத்தை அக்கம்பக்கத்தார் நிரப்புகிறார்கள். நோய் வந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கறி கூடாது, சூடு. முட்டை கூடாது. கத்திரிக்காய், கருவாடு கரப்பான். அறுவைச் சிகிச்சைப் புண் ஆறுகிறவரை பருப்பே கூடாது, சீழ் பிடிக்கும். பால் கபம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது இட்லியும் ரசமும்தான். புண் ஆறுவதற்குப் புதுச் சதை வளர வேண்டும். சதை வளரப் புரதம் வேண்டும். அந்தப் புரதம் இருக்கும் பண்டங்களையே தேடித் தேடி நீக்குகிற பத்தியமாக இது அமைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனதைச் சந்தேகிக்க முடியாது. விளைவை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது சர்க்கரை. 'பெட்' ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற ஒரு பொருளைச் செலுத்துவார்கள். கட்டி இருக்கும் இடம் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு ஒளிரும். அதைக் கேள்விப்பட்டவர்கள், சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் செத்துவிடும் என்று முடிவுகட்டி வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். சோறு, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ரத்தத்தில் சர்க்கரை நிற்காது. கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். எதிலிருந்து? தசையை உடைத்துக் கிடைக்கும் புரதத்திலிருந்து. கட்டியைப் பட்டினி போடுவதாக நினைத்து நோயாளியின் தொடையையும் தோளையும் கரைக்கிறோம். முள்சீத்தா ஜூஸைக் குடித்துக்கொண்டு கீமோவைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் இலையும் பழமும் மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நம்பத்தக்க சிகிச்சை ஆய்வு எதுவும் கிடையாது.

இன்னொரு பக்கம், டப்பா. மருத்துவமனை வாசலில் இருக்கும் மருந்துக் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் புரதப் பொடி டப்பாக்களை வாங்கித் தருவது ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. கூலி வேலை செய்கிறவர் இரண்டு, மூன்று நாள் சம்பளத்தை அதில் போடுகிறார். பொடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விழுங்கவே முடியாதவர்களுக்கும் குழாய் வழியாக உண்பவர்களுக்கும் அது கைகொடுக்கிறது. ஆனால் பொடி மட்டும் போதுமா என்பதற்கு லிஸ்பன் நகரில் பதில் கிடைத்தது. குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்ற 111 பேரைப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டயட்டீஷியன் நேரில் உட்கார்ந்து, அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் உணவையே எப்படிச் சத்தாக மாற்றுவது என்று வாராவாரம் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு குழுவுக்குப் புரதப் பானம் தரப்பட்டது. மூன்றாம் குழு அவரவர் விருப்பம். 2005இல் வந்த முடிவுகளின்படி, சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்தும் நல்ல சத்தோடும் குறைந்த தொல்லைகளோடும் நிலைத்து நின்றது ஆலோசனை பெற்ற முதல் குழுதான். பானம் நின்றதும் அதன் பலனும் நின்றுபோயிற்று. பேச்சுத்தான் வீட்டுக்குப் போய் அடுப்படியில் தங்கியது.

பசியே வராதவருக்கு? இதற்கு விடை நம் பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மரில் கிடைத்தது. ஓலன்சபின் என்பது மனநல மருத்துவத்தில் நீண்ட காலமாகப் பயன்படும் மாத்திரை. உமட்டலை அடக்கவும் கீமோ எடுப்பவர்களுக்குத் தருவதுண்டு. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு போடும் என்பது அதன் பக்கவிளைவாகச் சொல்லப்பட்டு வந்தது. வயிறு, கல்லீரல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய் உள்ள 124 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினம் 2.5 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவில் அதையும், இன்னொரு பகுதியினருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து, 12 வாரம் ஜிப்மர் மருத்துவர்கள் கவனித்தார்கள். எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள், மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம். வெற்று மாத்திரைக்காரர்களில் 9 சதவீதம். 2023இல் இது வெளியானதும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அதே ஆண்டு தன் பரிந்துரையை மாற்றி எழுதியது. மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்துதான். தூக்கம் வரும், எல்லோருக்கும் ஆகாது. ஆனாலும் விலை மலிவான ஒரு மாத்திரை, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களின் புண்ணியத்தில் உலகத்துக்கே பயன்பட்டிருக்கிறது. நம் மாவட்ட மருத்துவமனைகளில் பசியில்லை என்று சொல்லும் எத்தனை பேரிடம் மருத்துவர் இதைப் பற்றிப் பேசுகிறார்?

குழந்தைகள் விஷயத்தில் நம்பிக்கை இன்னும் அதிகம். குவாத்தமாலாவில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வந்தது. சத்துக்குறைவோடு வந்த குழந்தைகள், சிகிச்சையின் முதல் ஆறு மாதத்துக்குள் தேறிவிட்டால், ஆரம்பத்திலேயே நன்றாக இருந்த குழந்தைகளுக்கு இணையாகப் பிழைத்தார்கள். ஏழைக் குழந்தை ஏழையாக வந்ததனாலேயே தோற்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் செய்யப் பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு நோயில் பதில் சொல்லியாயிற்று. அது காசநோய்.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். போதாது என்று சொல்லலாம். ஆனால் சாப்பாடும் மருந்தோடு சேர்ந்தது என்று அரசு ஒப்புக்கொண்டு வங்கிக் கணக்கில் போடும் பணம் அது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கெடுத்து, ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் என்று மாதாமாதம் உணவுக் கூடை கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் வருகிற கணக்கு. தொடக்க வாரங்களில் எடை ஏறியவர்கள் சாகும் அபாயம் வெகுவாகக் குறைந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடை கொடுத்ததில் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவதும் 39 சதவீதம் குறைந்தது. 2023இல் இந்த முடிவுகள் லான்செட் குழும இதழ்களில் வந்தன.

தமிழ்நாடு ஒரு படி மேலே போனது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில்', புதிதாக நோய் கண்டவரிடம் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே சிலவற்றைப் பார்த்துவிடுகிறார். எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. ரத்தப் பரிசோதனையோ பெரிய மருத்துவரோ தேவையில்லை. மிகவும் மெலிந்தவர் என்று தெரிந்தால் உடனே படுக்கையில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். எடைக்கருவியையும் கண்ணையும் வைத்துக்கொண்டு உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்று இந்த மாநிலத்தின் சுகாதார ஊழியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அவர்களே, அதே கட்டடங்களில், புற்றுநோயாளிக்கும் இதைச் செய்ய முடியும். ஆஸ்திரேலியாவில் 1999இல் உருவாக்கி இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு முறையில் கேட்பதே இரண்டு கேள்விகள்தான். நீங்கள் முயற்சி எடுக்காமலே எடை குறைந்திருக்கிறதா, எவ்வளவு? பசி குறைந்ததால் சாப்பாடு குறைந்திருக்கிறதா? கீமோவுக்கு வரிசையில் காத்திருக்கும்போதே இதைக் கேட்டு முடித்துவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புற்றுநோய் அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அதில் அடக்கம். சிகிச்சைக்கு அத்தனை செலவழிக்கும் அரசு, அந்தச் சிகிச்சையைத் தாங்கும் உடம்புக்காக மாதம் ஒரு சிறு தொகையை, காசநோயாளிக்குக் கொடுப்பதைப் போலவே, சிகிச்சை நடக்கும் மாதங்களிலாவது கொடுக்க வேண்டும். கதிர்வீச்சுக்காக ஊரைவிட்டு வந்து ஆறு வாரம் தங்குகிறவருக்கு அடுப்புக்கூடக் கிடையாது. அம்மா உணவகத்தில் தயிர்சாதம் வாங்கிப் பிசைந்து ஊட்டுகிறவர்களை அரசுப் பொது மருத்துவமனை வளாகங்களில் பார்க்கலாம். அங்கேயே முட்டையும் சத்துக்கஞ்சியும் கிடைத்தால், அதுவும் சிகிச்சைதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எல்லா நோயாளிக்கும் எல்லாக் கட்டத்திலும் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. நோய் முற்றி, சிகிச்சைகள் முடிந்து, நாட்கள் எண்ணப்படும் நிலையில் உணவைத் திணிப்பது அவருக்கு வேதனையையே தரும். அப்போது இரண்டு கரண்டி காபி, நாக்கில் ஒரு துளி பாயசம், அவர் கேட்பது எதுவோ அதுவே போதும். இங்கே பேசுவது, குணமாகும் நம்பிக்கையோடு சிகிச்சை தொடங்கி, வழியில் சோறில்லாமல் தளர்ந்துபோகிறவர்களைப் பற்றி.

அவர்களில் பலருக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட வந்திருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். அப்பாவைப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்தாற்போல் உட்காரவைக்க வேண்டும். குழாயில் போட்டிருக்கும் குறி மூக்கருகே பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஊற்றாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். கஞ்சியைத் துணியில் வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில், சிரிஞ்சின் தண்டைத் தள்ளாமல் தானாக இறங்கவிட வேண்டும். முடிந்ததும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 30 மில்லி விட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. அதில் என்னென்ன கரைக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதித் தர வேண்டும். அடுத்த முறை வரும்போது, மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், அவரை எடைக்கருவியில் ஏற்றி, அந்த எண்ணைப் போன தடவை எழுதிய எண்ணுக்குக் கீழே எழுத வேண்டும்.